யார் வண்டிக்கு யார் பூட்டு

உயிரோடு இருக்கிற ஒன்றைச் செத்துவிட்டது என்று எழுதி, அந்த எழுத்தை யாரும் அழிக்கக் கூடாது என்று பூட்டும் போட்டு வைப்பதைப் போல எனக்கு ஆத்திரமூட்டுவது வேறொன்றும் இல்லை. மனிதருக்கு அப்படி நடந்தால் தாலுகா ஆபீஸில் போய்ச் சண்டையாவது போடலாம். ஒரு பேட்டரிக்கு நடந்தால் எங்கே போவது? நான் போனேன். இப்போது சொல்ல உட்காரும்போதே உள்ளங்கை சூடாகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க மாட்டேன், நீங்களும் கொஞ்சம் கோபப்படுங்கள்.

எனக்கு ஒரே அக்கா. குழந்தையில் வந்த போலியோவில் அவளுக்கு இடது கால் சூம்பிவிட்டது. திருநெல்வேலி டவுணில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு பாளையங்கோட்டை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பல வருஷம் அவள் டவுண் பஸ்ஸில்தான் போய்வந்தாள். பஸ்ஸின் முதல் படி அவள் இடுப்புக்கு வரும். மேலே நிற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள், கீழே நிற்கிறவர்கள் தள்ளுவார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான். நல்லவர்கள் கையில் தினமும் இரண்டு தடவை மூட்டையாவது எப்படி இருக்கும் என்று அவளைக் கேட்டால்தான் தெரியும்.

பிறகு அந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வந்தது. பின்னால் இரண்டு பக்கமும் சைடு வீல் வைத்துக் கட்டிய வண்டி. முதல் வாரமே அக்கா ஆள் மாறிப்போனாள். ஜங்ஷனில் ஈரடுக்கு மேம்பாலத்தில் மேல் பாலத்தில்தான் போவாள். கீழே போனால் என்ன என்று கேட்டால், "கீழ போனா காத்து வராதுட்டி" என்பாள். சாயங்காலம் தலைமுடி கலைந்து வீட்டுக்குள் வருவாள். நாற்பது வயதுக்கு மேல் ஒருத்திக்குத் தலைமுடி கலைகிற சந்தோஷம் கிடைத்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நான் செய்கிற வேலையையும் சொல்லிவிட வேண்டும். வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்காக, பேட்டரிக்குள் இருக்கிற சிப்புக்கு வீட்டிலிருந்தே நிரல் எழுதுகிறேன். பேட்டரிக்குள் வரிசையாகச் செல்கள் இருக்கும். ஒவ்வொரு செல்லும் எவ்வளவு சூடாக இருக்கிறது, எவ்வளவு வோல்ட் காட்டுகிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்க ஒரு சிப்பு இருக்கும். அதன் நினைவகத்தில் சில எண்கள் உண்டு. எந்தச் சூட்டில் மின்சாரத்தை வெட்ட வேண்டும், எதுவரைக்கும் சார்ஜ் ஏற்றலாம் என்பது போன்றவை. அவற்றில் கண்டவர் கைவைத்தால் தீப்பிடிக்கும். அதனால் அந்த இடத்துக்குப் பூட்டு. வெளியிலிருந்து படிக்கலாம், மாற்றி எழுத முடியாது. எழுத வேண்டுமானால் சாவி வேண்டும். சாவி என்றால் ஒரு நீளமான எண்தான். அந்தப் பூட்டைப் போடுகிற வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. பூட்டே ஆகாது என்று கொடி பிடிக்கிற ஆள் இல்லை நான்.

ஒரு மழைக்காலத்தில் ஆறு கரை மீறி ஊருக்குள் வந்தது. அக்காவின் பள்ளிக்கூடத்து முற்றத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். வண்டி, கால் வைக்கிற பலகை வரைக்கும் நனைந்தது. பேட்டரி சீட்டுக்கு அடியில், அதற்கு மேலே இருந்தது. தண்ணீர் வடிந்ததும் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். எங்கள் பக்கத்தில் பெட்ரோல் வண்டி எல்லாவற்றையும் பார்க்கிறவர், கைராசிக்காரர் என்று பெயர். அவர் பெட்ரோல் வண்டிக்குச் செய்வதையே இதற்கும் செய்தார். தண்ணீர் பட்ட வண்டி என்றால் கண்ணில் படுகிற எல்லாவற்றையும் கழற்றி, வெயிலில் வைத்து, துடைத்து மாட்ட வேண்டும். நம் ஊரில் நனைந்தது எதுவானாலும் வெயில்தானே மருந்து. பேட்டரிப் பெட்டியைத் திறந்தவர், செல்களிலிருந்து சிப்புக்குப் போகிற மெல்லிசு ஒயர்க் கட்டையும் பிடுங்கினார், பேட்டரி உயிரோடு இருக்கும்போதே.

அந்த ஒரு கணத்தில் சிப்பு என்ன பார்த்திருக்கும்? இவ்வளவு நேரமும் நன்றாக இருந்த ஒரு செல் சட்டென்று பூஜ்யம் காட்டியது. ஒயர் கழன்றது என்று அதற்குத் தெரியாது. செல் செத்துவிட்டது, இந்தப் பேட்டரி இனி ஆபத்து, நிரந்தரமாக நிறுத்து என்று பூட்டின நினைவகத்துக்குள் எழுதிக்கொண்டது. அப்புறம் ஒயரை மாட்டினாலும் சரி, முட்டிபோட்டு ஜெபம் பண்ணினாலும் சரி, அது கதவைத் திறக்காது. வண்டி அப்படியே நின்றது.

மெக்கானிக் பதறிப்போனார். "தண்ணி பட்டா எல்லாத்தையும் கழட்டிக் காயவைக்கதுதானக்கா வழக்கம்? நான் என்னத்தக் கண்டேன்?" என்றார். முதலில் அவர்மேல் எரிந்துவிழுந்தேன். அந்தப் பெட்டியைத் திறந்தால் கண்ணில் படும்படி ஒரு எச்சரிக்கையாவது ஒட்டியிருந்தார்களா என்று தேடினேன். வாரண்டி போய்விடும் என்று மட்டும்தான் ஒட்டியிருந்தது. அதன் பிறகு அவர்மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. கோபத்துக்கு வேறு விலாசம் கிடைத்துவிட்டது.

பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, வண்டி வாங்கின ஷோரூமுக்குப் போனோம். சர்வீஸ் மேனேஜர் வயதில் பெரியவர், வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக மரியாதையாகப் பேசுகிறவர். பேட்டரியில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சிப்பு செத்துட்டுன்னு சொல்லுதும்மா. சிப்பு சொன்னா சொன்னதுதான்."

"அண்ணாச்சி, செல் எல்லாம் நல்லாருக்கு. நான் மீட்டர் வச்சுப் பாத்துட்டேன். ஒயரக் கழட்டுனதுல அது தப்பா எழுதிட்டு. அத அழிச்சா போதும்."

"அழிக்கதுக்கு நமக்கு அதிகாரம் இல்லம்மா. சாவி ஹெட் ஆபீஸ்லதான் இருக்கு. புது பேட்டரிதான் போடணும்." கொஞ்சம் நிறுத்தி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அதுவும் இந்த மாடலுக்கு இப்போ வாரதில்ல. நிப்பாட்டியாச்சு. புது வண்டியாத்தான் பாக்கணும்."

புது வண்டிக்குச் சைடு வீல் வைக்க முடியுமா என்று அக்கா கேட்டாள். அதன் அடிச்சட்டம் வேறு மாதிரி, வீல் ஏறாது என்றார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள்.

அன்றைக்கே ஹெட் ஆபீஸுக்கு எழுதினேன். இன்ன தொழில் செய்கிறேன், இன்ன சிப்பு, இன்ன காரணத்தால் தவறாகப் பூட்டிக்கொண்டது, செல்களின் அளவுகள் இவை என்று சக தொழில்காரருக்கு எழுதுவதுபோல் எழுதினேன். வந்த பதிலில் என் கேள்விக்குப் பதில் தவிர எல்லாம் இருந்தது. வாடிக்கையாளரின் பாதுகாப்பே தங்கள் உயிர்மூச்சாம். அதனால் சாவியை வெளியே தர இயலாதாம். சாவி யார் கேட்டது? நீங்களே திறந்து, நீங்களே பார்த்து, நீங்களே அழித்துவிடுங்கள் என்றுதான் நான் கேட்டிருந்தேன். மறுபடி எழுதினேன். அதே பதில், ஒரு எழுத்து மாறாமல் வந்தது. சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம், அதற்காவது வலிக்கும்.

இதற்கிடையில் அக்கா ஆட்டோவில் போய்வந்தாள். ஆட்டோக்காரர் தங்கமான மனிதர். "சும்மா பிடிச்சுக்கிடுங்க டீச்சர், நான் தூக்கி வைக்கேன்" என்று அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வைப்பார். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் பார்க்க இறக்கி விடுவார். முதல் நாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்ததும் பின்வாசல் குழாயைத் திறந்து இரண்டு கைகளையும் தோள் வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நான் அடுக்களையிலிருந்து பார்த்தேன். அந்த மனிதர்மேல் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனாலும் கழுவினாள். மறுநாளும் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது சொந்தக்கார அத்தை ஒருத்தி வந்தாள். "எதுக்குட்டி இந்தக் கஷ்டம்? வேலைய விட்டுட்டு வீட்டுல இருந்தே டியூசன் எடுக்கலாம்லா? ரெண்டு பேருக்கு என்ன பெரிய செலவு?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பதில் சொன்னாள்: "ஏன் அத்த, உங்க செருப்பக் காணோம்னா நீங்க ஆயுசுக்கும் வீட்டுலயே இருந்துருவியளா?" அத்தையின் முகம் கறுத்துவிட்டது. அக்கா வீட்டுக்கு வந்தபின், துணி மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் எத்தன நாளைக்கு இவங்களுக்கெல்லாம் பதில் சொல்லுவேன்? ஒருநாள் ஆமான்னு சொல்லிருவேன்னு பயமா இருக்குட்டி" என்றாள்.

அக்கா பயப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அந்தச் சொல்லுக்குப் பிறகு என்னால் மரியாதையாக இருக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் ஷோரூம் திறக்கும்போதே போய் நின்றேன். சத்தம் போட்டேன். வண்டி வாங்க வந்த குடும்பம் ஒன்று திரும்பிப் போகிற அளவுக்குப் போட்டேன். மேனேஜர் என்னை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். மற்ற பேட்டரிகளுக்கு ரிப்பேர் வந்தால் எப்படித் திறக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஹெட் ஆபீஸ்ல இருந்து கம்ப்யூட்டர் லைன்ல வந்து அவங்களே திறப்பாங்க. சாவி ரொம்ப ரகசியம்மா. நம்ம வண்டி நாடு பூராவும் ஓடுதுல்லா, எல்லாத்துக்கும் ஒரே சாவி. அது வெளிய போச்சுன்னா என்ன ஆகும்?" என்று பெருமையாகச் சொன்னார்.

எல்லாத்துக்கும் ஒரே சாவியா? எங்கள் தொழிலில் ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனிச் சாவி போட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று போனால் எல்லாம் போச்சு. அந்தச் சோம்பேறித்தனத்தைச் செய்தவர்கள் இன்னொன்றையும் செய்திருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஷோரூமிலேயே விட்டுவந்த பேட்டரியைத் திருப்பிக் கொடுங்கள் என்று வாங்கி ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

என்ன சந்தேகம் என்றால், எங்கள் கம்பெனியும் வாங்குகிற இந்தச் சிப்பைச் செய்கிறவர்கள் தங்கள் தொழிற்சாலையிலிருந்து எல்லாச் சிப்புக்கும் ஒரே சாவியைப் போட்டுத்தான் அனுப்புவார்கள். அந்த எண்ணைக் கையேட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் நெட்டிலிருந்து இறக்கிப் படிக்கலாம். வாங்குகிறவர் முதல் வேலையாக அதை மாற்ற வேண்டும், வாடகை வீட்டுக்குக் குடிபோனதும் பூட்டை மாற்றுகிற மாதிரி. இவர்கள் அதைக்கூட மாற்றாமல் விட்டிருந்தால்? நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். மாற்றாமல் விட்ட ஆட்களிடம் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். அந்த எண் எனக்கு எங்கள் வீட்டு விலாசம் மாதிரி மனப்பாடம்.

சாப்பாட்டு மேசையில் பேட்டரியை வைத்து, சிப்போடு பேச நான் வைத்திருக்கிற அடாப்டரை மாட்டி, லேப்டாப்பில் அந்தக் கையேட்டுச் சாவியை அடித்து அனுப்பினேன்.

திறந்துகொண்டது.

மறுப்பு இல்லை, தாமதம்கூட இல்லை. வா என்று கூப்பிட்டது. நான் கத்தின சத்தத்தில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. திறக்காமல் இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. இந்தப் பூட்டுக்காகவா என் அக்கா தோள் வரைக்கும் கையைத் தேய்த்துக் கழுவினாள்? பாதுகாப்பு, உயிர்மூச்சு என்று எனக்குப் பாடம் நடத்தினவர்கள், வீட்டைப் பூட்டிச் சாவியை அந்தப் பூட்டிலேயே தொங்கவிட்டுப் போயிருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் ஒரு நிமிஷத்தில் உள்ளே போய், எதுவரைக்கும் சார்ஜ் ஏற்றலாம் என்ற எண்ணை மாற்றிவிட்டு வந்திருப்பான். முறையாகக் கேட்டு எழுதினவளுக்கு மட்டும்தான் அது பூட்டு. கள்ளனுக்குக் கதவு திறந்து கிடந்தது.

உள்ளே இருந்ததைப் படித்தேன். நான் நினைத்ததேதான். நடுவில் ஒரு செல் பூஜ்யம் என்று ஒரே ஒரு கணம், அதன்பிறகு நிரந்தர நிறுத்தம். ஈரம் பட்டதாகவோ சூடு ஏறியதாகவோ ஒன்றும் இல்லை. ஆனாலும் உடனே அழிக்கவில்லை. அதன் மேல் உட்காரப் போகிறவள் என் அக்கா. பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு செல்லாகச் சோதித்தேன். கொஞ்சம் சார்ஜ் ஏற்றி, சும்மா வைத்து, மறுபடி அளந்து பார்த்தேன். அந்த வாரம் முழுக்க அந்த மேசையில் நாங்கள் சாப்பிடவில்லை. ஒரு செல்லிலும் பழுது இல்லை என்று எனக்கே நிச்சயமான பிறகுதான் அந்தப் பொய்யான மரணத்தை அழித்தேன். பேட்டரியின் சின்ன விளக்கு பச்சையாக எரிந்தது. அக்கா அப்போது எதிரே உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். விளக்கைப் பார்த்துவிட்டுச் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். கண் கலங்கியிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் அது.

"முடிஞ்சுதா?"

"இன்னும் ஒண்ணு பாக்கி. அந்தக் கேடுகெட்ட சாவிய மாத்திட்டுப் பூட்டணும். இல்லன்னா எவன் வேணும்னாலும் கைவைப்பான்."

"புதுச் சாவி என்ன?"

நான் தலையைத் தூக்காமல் சொன்னேன்: "அது எங்கிட்ட இருக்கட்டும். உனக்கு எதுக்குக்கா?"

நிமிர்ந்து பார்த்தேன். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் அத்தையிடம்கூடப் பார்த்ததில்லை.

"ஏட்டி, அந்தச் சந்தனப்பொட்டுக்காரர் சொன்னதுக்கும் நீ சொல்லுததுக்கும் என்ன வித்தியாசம்?"

"என்னக்கா பேசுத? அவங்க மாதிரியா நான்? ஒனக்கு இது தெரியாது. தப்பா ஒரு எண்ண மாத்திட்டா தீப்பிடிச்சுரும்."

"பிடிச்சா யாரு அடியில பிடிக்கும்? உன் அடியிலயா, என் அடியிலயா?"

"அதுக்காகத்தான..."

"அதுக்காகத்தான்னு சொல்லாத. எல்லாரும் அதுக்காகத்தான் சொல்லுதாங்க. பஸ்ல இழுத்தவன், ஆட்டோல தூக்குனவரு, டியூசன் எடுன்னு சொன்ன அத்த, எல்லாரும் என் நல்லதுக்குத்தான். அது என் காலுட்டி. என் காலுக்குச் சாவி ஒங்கிட்ட இருக்குமோ? நாளைக்கு நீ கோவிச்சுக்கிட்டு வேற ஊருக்குப் போனா நான் ஒனக்கு லெட்டர் எழுதிக்கிட்டு இருக்கணுமோ?"

எனக்குச் சுருக்கென்றது. அதைவிட, கோபம் வந்தது. இத்தனை நாள் எவனெவனோடோ சண்டை போட்டது யாருக்காக? ராப்பகலாக உட்கார்ந்து செல்லைச் சோதித்தது யார்? சாவியை வைத்திருப்பவள் பொறுப்பானவளாக இருக்க வேண்டும் என்பது என் தொழிலின் முதல் பாடம். இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். நான் சொல்லப் போகிற முதல் வார்த்தையே பாதுகாப்பு என்று இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன். எந்தக் கட்டத்தில் அடிக்க வேண்டும், எதை மட்டும் தொடக் கூடாது, மறந்தால் என்னாலோ ஹெட் ஆபீஸாலோ கடவுளாலோகூடத் திறக்க முடியாது என்று எல்லாம் சொன்னேன். கணக்கு டீச்சர் இல்லையா, ஒரு தடவையில் பிடித்துக்கொண்டாள். கையை விசைகளின் மேல் வைத்தவள் அடிக்காமல் என்னையே பார்த்தாள்.

"அங்கன திரும்பு."

"நெசமாவா?"

"திரும்புட்டி."

சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். பின்னால் அவள் நிறுத்தி நிறுத்தி அடிக்க ஆரம்பித்தாள். எத்தனை எழுத்து, எந்த விசை கிட்டே, எது தூரம் என்று என் காது தன்னால் கணக்குப் போடத் தொடங்கியது. இத்தனை வருஷத் தொழில் புத்தி. இன்னும் கொஞ்சம் கவனித்தால் பாதிச் சாவி எனக்குத் தெரிந்துவிடும். இரண்டு காதுகளிலும் விரலை வைத்து இறுக அடைத்துக்கொண்டேன்.

அக்கா தோளைத் தட்டியபோதுதான் விரலை எடுத்தேன். திரையில் பூட்டப்பட்டது என்று வந்திருந்தது. எனக்கும் சேர்த்துத்தான்.